ஆற்றுப்படுத்தல், பயன்பாட்டு உளவியல் முதுகலை: தேர்ந்தெடுப்பதற்கும் விண்ணப்பிப்பதற்கும் ஒரு வழிகாட்டி

உளவியலில் முதுகலை படிக்க விரும்பும் மாணவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "எந்தக் கல்லூரி நல்லது?" என்பதாகவே இருக்கிறது. அதற்கு விடை சொல்வதற்கு முன்பு நான் அவர்களிடம் ஒன்றைக் கேட்பதுண்டு: படிப்பை முடித்த பிறகு நீங்கள் யாருக்கு எதிரே அமர்ந்து பேசப் போகிறீர்கள்? பள்ளி மாணவருக்கா, பிரிந்துவிடலாமா என்று தவிக்கும் தம்பதியருக்கா, குடிப்பழக்கத்திலிருந்து மீள முயல்பவருக்கா, மனச்சிதைவு நோய்க்கு மருந்து உட்கொண்டு வருபவருக்கா, ஒரு நிறுவனத்தின் பணியாளருக்கா? இதற்கு ஓரளவேனும் தெளிவான விடை கிடைத்துவிட்டால், விண்ணப்பிக்க வேண்டிய இடங்களின் பட்டியல் தானாகவே சுருங்கிவிடும்.

படிப்புகளின் பெயர்களைக் கொண்டு மட்டும் முடிவு செய்ய இயலாது. ஆற்றுப்படுத்தல் உளவியல், அதாவது கவுன்சலிங் சைக்காலஜி, அன்றாட வாழ்வின் இடர்ப்பாடுகளோடு வருபவர்களுக்குச் செவிமடுத்து, அவர்கள் தம் வழியைத் தாமே கண்டடையத் துணை நிற்கும் திறனை மையமாகக் கொண்டது. பயன்பாட்டு உளவியல் என்பது ஒரு பெரிய குடை. அதன்கீழ் முதலாண்டில் பொதுப் பாடங்களும் இரண்டாம் ஆண்டில் மருத்துவ உளவியல், ஆற்றுப்படுத்தல், நிறுவன உளவியல் போன்ற சிறப்புப் பிரிவுகளும் அமைவது வழக்கம். ஆகவே ஒரே பெயருள்ள பட்டம் ஒரு பல்கலைக்கழகத்தில் மனிதவளத் துறைக்கு இட்டுச் செல்வதாகவும் மற்றொன்றில் மருத்துவமனைக்கு இட்டுச் செல்வதாகவும் இருக்கக்கூடும். இரண்டாம் ஆண்டுப் பாடத்திட்டத்தைத் தரவிறக்கி, மூன்றாம், நான்காம் செமஸ்டர்களில் என்னென்ன தாள்கள் உள்ளன என்று படித்துப் பார்ப்பதே இதற்கு ஒரே வழி. எம்.ஏ.வா எம்.எஸ்சி.யா என்ற கவலையில் பலர் நாட்களைச் செலவிடுகிறார்கள். அந்த எழுத்துகளைவிட இந்தத் தாள்களே முக்கியம்.

அடுத்ததாகச் சட்டம். இதை மாணவர்கள் பெரும்பாலும் பட்டம் வாங்கிய பிறகே அறிந்துகொள்கிறார்கள் என்பது எனக்கு நீண்டகால வருத்தம். இந்தியாவில் மருத்துவ உளவியலாளர், அதாவது கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்ற பெயரில் பணிபுரிய 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் (ஆர்.சி.ஐ.) பதிவு செய்திருக்க வேண்டும். பதிவின்றி மறுவாழ்வுத் தொழில் நடத்துவோருக்கு ஓராண்டு வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை தண்டமோ இரண்டுமோ விதிக்க அச்சட்டம் இடமளிக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டமும் மருத்துவ உளவியலாளர் யார் என்பதை ஆர்.சி.ஐ. அங்கீகாரத்தைக் கொண்டே வரையறுக்கிறது. ஆற்றுப்படுத்தல் உளவியலிலோ பயன்பாட்டு உளவியலிலோ இரண்டாண்டு முதுகலை முடித்த ஒருவர், அந்தப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு தம்மை மருத்துவ உளவியலாளர் என்று அழைத்துக்கொள்ள முடியாது. அவர் பள்ளியிலோ கல்லூரியிலோ தொண்டு நிறுவனத்திலோ உதவி எண் மையத்திலோ ஆலோசகராகப் பணியாற்றலாம். அது மதிப்பில் குறைந்த பணியன்று. ஆனால் இரண்டும் வெவ்வேறு பாதைகள் என்பதை விண்ணப்பிக்கும் முன்பே அறிந்திருக்க வேண்டும்.

மருத்துவ உளவியலே வேண்டும் என்பவர்களுக்கு முதுகலைக்குப் பின் இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். என்பதே நெடுங்காலம் வழியாக இருந்தது. பெங்களூரில் இன்று நிம்ஹான்ஸ் என்று அறியப்படும் தேசிய மனநல நிறுவனத்தில் 1955இல் தொடங்கிய பட்டயப் படிப்பின் தொடர்ச்சி அது. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் உள்ள, பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்திலும் அது நடத்தப்பட்டு வந்துள்ளது. 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்தியது. பின்னர் மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப் பணிக்கும் மட்டும் விலக்களித்து, 2025-26 கல்வியாண்டு வரை சேர்க்கையை நீட்டித்தது. அதன் பின்னர் வரும் மாணவர்கள் ஆர்.சி.ஐ. அங்கீகரித்த முதுகலை, சை.டி. (உளவியலில் முனைவர் நிலைத் தொழிற்பட்டம்) போன்ற புதிய படிப்புகளைப் பார்க்க வேண்டிய நிலை. இப்படி விதிகள் மாறிக்கொண்டிருக்கும் காலத்தில் மூத்த மாணவரின் அனுபவமோ பயிற்சி மையத்தின் விளம்பரமோ போதாது. குறிப்பிட்ட நிறுவனம், குறிப்பிட்ட படிப்பு, நீங்கள் சேரவிருக்கும் குறிப்பிட்ட கல்வியாண்டு ஆகிய மூன்றும் ஆர்.சி.ஐ. வெளியிடும் அங்கீகாரப் பட்டியலில் ஒரே வரியில் இருக்கின்றனவா என்று நீங்களே பார்க்க வேண்டும். அங்கீகாரம் குறிப்பிட்ட காலத்துக்கே வழங்கப்படுகிறது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மருத்துவ உளவியலாளர் அல்லாத பிற உளவியலாளர்களையும் ஆலோசகர்கள் பலரையும் 2021ஆம் ஆண்டின் தேசிய இணை மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம் தன் அட்டவணையில் சேர்த்திருக்கிறது. நடைமுறையில் இதன் முதல் பெரிய விளைவு தொலைநிலைக் கல்வியில் தெரிந்தது. 2025 ஜூலை-ஆகஸ்ட் கல்விப் பருவம் முதல் உளவியல் உள்ளிட்ட சுகாதாரம் சார்ந்த படிப்புகளைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்தது. வேலை பார்த்துக்கொண்டே, குழந்தை வளர்த்துக்கொண்டே அஞ்சல்வழியில் உளவியல் படித்து இத்துறைக்குள் வந்த பலரை நான் அறிவேன். அவர்களுக்குப் பின்னால் வருபவர்களுக்கு அந்தக் கதவு மூடப்பட்டிருப்பது வேதனை தருகிறது. ஆயினும், மனிதரோடு நேரில் அமராமல் இத்தொழிலைக் கற்க முடியாது என்ற அடிப்படையை நான் ஏற்கிறேன். இப்போதும் "வீட்டிலிருந்தபடியே எம்.எஸ்சி. உளவியல்" என்று எவரேனும் புதிய சேர்க்கைக்கு விளம்பரம் செய்தால் பணம் கட்டிவிடாதீர்கள். ஆறு மாதச் சான்றிதழ்களும் வார இறுதிப் பட்டயங்களும் ஏற்கெனவே படித்தவருக்குத் துணையாகலாமே தவிர, முதுகலைக்கு ஈடாகமாட்டா.

இனி, எதை வைத்து ஒரு துறையின் தரத்தை அளப்பது? தரவரிசையும் கட்டடமும் வளாக நேர்காணலும் இதில் அதிகம் பேசா. மேற்பார்வையுடன் கூடிய பயிற்சி எத்தனை மணி நேரம் என்பதே என் அளவுகோல். ஒப்பீட்டுக்கு ஒன்றைச் சொல்கிறேன். அமெரிக்காவில் ஆற்றுப்படுத்தல் முதுகலைப் படிப்புகளுக்கு அங்கீகாரம் வழங்கும் கேக்ரெப் அமைப்பு, முதலில் குறைந்தது 100 மணி நேரத் தொடக்கநிலைப் பயிற்சியையும், அதில் 40 மணி நேரம் உதவி நாடி வந்தவர்களோடு நேரடியாகச் செலவிடுவதையும், பின்னர் 600 மணி நேர உள்ளுறைப் பயிற்சியையும், அதில் 240 மணி நேர நேரடிப் பணியையும் கட்டாயமாக்கியிருக்கிறது. நம் ஊர்த் துறைகளை இந்த எண்களால் மதிப்பிட்டு ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் "இண்டர்ன்ஷிப் உண்டு" என்ற ஒற்றை வரியோடு நிறைவடைந்துவிடாமல், அதே வகையான கேள்விகளைக் கேட்கலாம். மொத்தம் எத்தனை மணி நேரம்? அதில் ஒரு மனிதரோடு தனியாக அமர்ந்து பேசும் நேரம் எவ்வளவு, ஓரமாக நின்று பார்க்கும் நேரம் எவ்வளவு? பயிற்சி இடத்தைத் துறையே ஏற்பாடு செய்து தருகிறதா, அல்லது மாணவரே அலைந்து தேட வேண்டுமா? பேசி முடித்த பிறகு அந்த உரையாடலை யாரோடு, எத்தனை நாட்களுக்கு ஒருமுறை அமர்ந்து ஆராய்வீர்கள்? அறுபது மாணவர்களுக்கு இரண்டு ஆசிரியர்கள் இருக்கும் துறையில், அந்த இரண்டு பேரும் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும், உங்கள் ஒவ்வோர் உரையாடலையும் கேட்டுத் திருத்த அவர்களுக்கு நேரம் இராது.

பயிற்சி இடங்களின் பட்டியலையும் கேளுங்கள். 1794இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் போன்ற ஒரு பெரிய மருத்துவமனையில் நீங்கள் பார்ப்பதும், ஒரு பள்ளியில் பார்ப்பதும், போதை மீட்பு மையத்தில் பார்ப்பதும் ஒன்றல்ல. இரண்டாண்டுகளில் குறைந்தது இரு வேறு சூழல்களிலாவது மாணவரை அனுப்பும் துறைக்கு நான் முன்னுரிமை கொடுப்பேன்.

இவற்றோடு மொழியும் உண்டு. நம் முதுகலை வகுப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கின்றன. ஆனால் நாளை உங்கள் எதிரே அமர்பவர் "நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது", "மனசே விட்டுப்போச்சு", "தலையில ஏதோ பாரம் ஏத்தி வெச்ச மாதிரி இருக்கு" என்றுதான் சொல்லப்போகிறார். அவர் சொல்வது பதற்றமா, துயரமா, சோர்வா, வெளியே சொல்ல முடியாத குடும்பப் பூசலா என்று பிரித்தறிவதற்கும், அவருடைய சொல்லையே எடுத்து அவருக்கு மென்மையாகத் திருப்பித் தருவதற்கும் தனிப் பயிற்சி வேண்டும். ஆங்கிலத்தில் மிக நயமாக ஒத்திகை உரையாடல் நடத்திய மாணவர், முதல் முறை ஒரு தாயாரோடு தமிழில் அமரும்போது எப்படி அழைப்பது என்பதிலேயே தடுமாறுவதைக் கண்டிருக்கிறேன்: அம்மா என்பதா, அக்கா என்பதா, மேடம் என்பதா? ஒவ்வொன்றும் அந்த அறையில் வேறொரு உறவை உண்டாக்கிவிடும். எனவே ஒத்திகை உரையாடல்களும் மேற்பார்வை அமர்வுகளும் தமிழில் நடக்கின்றனவா, உரையாடலைத் தமிழிலேயே சொல்லுக்குச் சொல் எழுதிக் காட்டச் சொல்கிறார்களா என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் பணிபுரிய எண்ணுபவருக்கு இது ஒரு துணைக் கேள்வி அன்று. பிற மாநிலத்துப் புகழ்பெற்ற நிறுவனத்துக்கும் உள்ளூர்த் துறைக்கும் இடையே தேர்ந்தெடுக்கும்போது தராசுத் தட்டில் வைக்க வேண்டிய எடை.

இடங்களைப் பொறுத்தவரை, தமிழ்ப் பகுதியிலேயே வாய்ப்புகள் உள்ளன. சென்னைப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறையும் ஆற்றுப்படுத்தல் உளவியல் துறையும் தனித்தனியே உள்ளன. சென்னையில் லயோலா கல்லூரியிலும் சமூகப் பணிக் கல்லூரியிலும் ஆற்றுப்படுத்தல் உளவியல் முதுகலை உண்டு. கோவை பாரதியார் பல்கலைக்கழகம், புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகம், திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் பயன்பாட்டு உளவியல் கற்பிக்கப்படுகிறது. வெளியே செல்ல விரும்புவோர் தில்லிப் பல்கலைக்கழகத் தெற்கு வளாகம், மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனம், பெங்களூர் கிறைஸ்ட் பல்கலைக்கழகம் ஆகியவற்றைப் பார்ப்பது வழக்கம். ஆறு முதல் எட்டு இடங்களுக்கு விண்ணப்பிப்பது போதும். இருபது இடங்களுக்கு ஒரே கட்டுரையை அனுப்புவது பணத்தையும் மனத்தையும் வீணாக்கும்.

மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு கியூட்-பிஜி என்ற பொது நுழைவுத் தேர்வு உண்டு. அண்மை ஆண்டுகளில் டிசம்பர், ஜனவரி மாதங்களை ஒட்டி விண்ணப்பமும் மார்ச் மாதத்தில் தேர்வும் நடந்து வருகின்றன. உளவியல் தாளில் 75 கேள்விகள். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறான விடைக்கு ஒன்று கழிக்கப்படும். கேள்விகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருப்பதால், தமிழ்வழியில் படித்தவர்கள் கருத்தைத் தமிழில் தெளிவாகப் புரிந்துகொண்டு, கலைச்சொற்களை ஆங்கிலத்தில் தனியாக ஒரு குறிப்பேட்டில் எழுதிப் பழகுவது நல்லது. புள்ளியியலையும் ஆராய்ச்சி முறையியலையும் கடைசிக்குத் தள்ளாதீர்கள். இளங்கலையில் பலர் அஞ்சி ஒதுக்கும் அப்பகுதிகள், முறையாகப் படித்தவருக்கு உறுதியான மதிப்பெண் தருபவை.

இங்கே ஆண்டுதோறும் பலர் சறுக்கும் ஓர் இடம் உண்டு. கியூட் எழுதிவிட்டாலே விண்ணப்பித்தாகிவிட்டது என்று எண்ணிவிடுகிறார்கள். முடிவு வந்த பிறகு ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் தளத்திலும் தனித்தனியே பதிவு செய்து, மதிப்பெண்ணை உள்ளிட்டு, கட்டணம் செலுத்த வேண்டும். அந்தச் சாளரம் சில நாட்களே திறந்திருக்கும். மாநிலப் பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் பெரும்பாலும் இளங்கலைத் தேர்வுகளை ஒட்டிய கோடை மாதங்களில் அறிவிப்பு வெளியிடுகின்றன. தனியார் பல்கலைக்கழகங்கள் சில, முந்தைய ஆண்டின் இறுதியிலேயே தொடங்கிவிடும். எல்லாக் கடைசி நாட்களையும் ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

இன்னொன்று சாதிச் சான்றிதழ். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்று வழங்கப்படும் நிரந்தரச் சான்றிதழ் மாநில நிறுவனங்களுக்குப் போதும். மத்திய நிறுவனங்களில் ஓ.பி.சி. இடம் கோர, வளமான பிரிவைச் (கிரீமி லேயர்) சேர்ந்தவரல்லர் என்று குறிப்பிடும் மத்திய அரசுப் படிவத்திலான சான்றிதழ் தனியாக வேண்டும். அதுவும் அவர்கள் கேட்கும் நிதியாண்டுக்கு உரியதாக இருக்க வேண்டும். வட்டாட்சியர் அலுவலகத்தில் இதற்குச் சில வாரங்கள் ஆகலாம். தகுதி இருந்தும் இந்த ஒரு தாள் கையில் இல்லாததால் பொதுப் பிரிவில் போட்டியிட்டு இடம் இழப்பது மிகவும் கொடுமை. இறுதியாண்டு மாணவர்கள், தகுதி மதிப்பெண் 50 சதவீதமா 55 சதவீதமா என்பதையும் கவனிக்க வேண்டும். பின்னாளில் கல்லூரி ஆசிரியராக எண்ணமுள்ளவர்கள், நெட் தேர்வுக்குப் பொதுப் பிரிவினருக்கு முதுகலையில் 55 சதவீதம் தேவை என்பதை இப்போதே குறித்துக்கொள்ளலாம்.

நோக்க அறிக்கை, அதாவது ஏன் இந்தப் படிப்பு என்று விளக்கி நீங்கள் எழுதும் கட்டுரை, கேட்கும் இடங்களில் அதுவே உங்களை உள்ளே அழைத்துச் செல்லும். "சிறு வயதிலிருந்தே பிறருக்கு உதவுவதில் எனக்கு ஆர்வம் அதிகம்" என்று தொடங்கும் அறிக்கையைப் படிப்பவர் அதை ஏற்கெனவே அன்று காலையில் பலமுறை படித்திருப்பார். அதற்கு மாறாக, நீங்கள் கண்ணால் கண்ட ஒன்றிலிருந்து தொடங்குங்கள். மாலை நேர வகுப்பில் பாடம் சொல்லிக் கொடுத்தபோது ஒரு சிறுவன் மூன்று வாரங்களாக ஒரு சொல்லும் பேசாமல் இருந்ததையும், நீங்கள் அவனைப் பேசவைக்க முயன்று தோற்றதையும், பிறகு பேசச் சொல்லாமல் அருகில் அமர்ந்திருந்தபோது அவனே பேசியதையும், அதிலிருந்து உங்களுக்குள் எழுந்த கேள்வியையும் எழுதலாம். உங்கள் வெற்றியைவிட உங்கள் கேள்வியே தேர்வாளரின் கவனத்தை ஈர்க்கும். பிறகு அந்தக் கேள்விக்கும் அந்தத் துறையின் பாடங்களுக்கும் உள்ள தொடர்பை, பாடத்திட்டத்தை உண்மையிலேயே படித்தவர் மட்டுமே எழுதக்கூடிய விதத்தில் எழுதுங்கள். கணினிக் கருவியிடம் எழுதச் சொல்லி அனுப்பிய அறிக்கை நேர்காணலில் ஐந்து நிமிடம்கூடத் தாங்காது. நீங்கள் எழுதாத வரியைப் பற்றித்தான் கேள்வி வரும்.

சொந்தத் துயரத்தை எழுதலாமா என்று பலர் தயங்கிக் கேட்கிறார்கள். எழுதலாம், ஆனால் அதையே தகுதியாக முன்வைக்க வேண்டாம். எனக்கு இப்படி நேர்ந்தது, தகுந்த உதவி பெற்றேன், அதனால் உதவி நாடுவோர் படும் தயக்கம் எனக்குத் தெரியும் என்ற அளவில் இரண்டு மூன்று வரிகள் போதும். காயம் இன்னும் ஆறாமல் இருந்தால் அதை அறிக்கையில் திறந்து காட்டுவதைக் காட்டிலும் முதலில் உங்களுக்கான உதவியைப் பெறுவதே நல்லது. 14416 என்ற, அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 2022 அக்டோபர் முதல் இயங்குகிறது. ஆலோசகராக விரும்புபவரும் அதை அழைக்கலாம். மற்றவர்களின் கதையை எழுதும்போது பெயர், ஊர், பள்ளி, குடும்ப அடையாளம் எதுவும் வரக்கூடாது. நீங்கள் எழுதும் முதல் பக்கத்திலேயே இன்னொருவரின் இரகசியத்தைக் காக்கிறீர்களா என்பதைத் தேர்வாளர் கவனிப்பார்.

பரிந்துரைக் கடிதத்துக்குத் துறைத் தலைவரின் பதவியைத் தேடிப் போக வேண்டாம். உங்கள் ஆய்வேட்டை வழிநடத்தியவரையோ தன்னார்வப் பணியில் உங்களைப் பார்த்தவரையோ குறைந்தது மூன்று வாரங்களுக்கு முன்பே அணுகுங்கள்.

நேர்காணலில் கோட்பாட்டுக் கேள்விகள் வரும். ஆனால் முடிவைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் சூழல் கேள்விகள். ஒரு தோழி "வாழப் பிடிக்கவில்லை" என்று சொல்லி, யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கினால் என்ன செய்வீர்கள்? பதினைந்து வயதுச் சிறுமி தனக்கு நேர்ந்த பாலியல் தொல்லையைச் சொன்னால் என்ன செய்வீர்கள்? இரகசியம் காப்பது ஆலோசகரின் கடமை, ஆனால் அதற்கு எல்லை உண்டு என்பதையும், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் அத்தகைய குற்றத்தைப் பற்றி அறிந்தவர் தகவல் தெரிவிப்பதைக் கட்டாயமாக்குகிறது என்பதையும் தெரிந்துகொண்டு செல்லுங்கள். விடை தெரியாதபோது "என் மேற்பார்வையாளரிடம் கேட்பேன்" என்று சொல்வது பலவீனமன்று. அது இத்தொழிலின் முதல் பாடம். சாதி, மதம், பாலினம், மணவாழ்வு குறித்த கேள்விகளில் உங்கள் கருத்தைத் திணிக்காமல் பேச முடிகிறதா என்றும் பார்ப்பார்கள்.

வேறு பாடத்தில் இளங்கலை முடித்தவர்களுக்கும் சில ஆற்றுப்படுத்தல் முதுகலைப் படிப்புகள் திறந்திருக்கின்றன. சில துறைகள் உளவியல் இளங்கலை இல்லாதவரை ஏற்பதில்லை. பணம் கட்டும் முன் அந்த ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டில் தகுதி வரியைப் படித்துக்கொள்வதே போதும். வெளிநாட்டுக்குச் செல்ல எண்ணுபவர்கள் எந்த நாட்டில், அமெரிக்கா என்றால் எந்த மாநிலத்தில், தொழில் உரிமம் பெறப் போகிறார்கள் என்பதிலிருந்து பின்னோக்கித் தேட வேண்டும். அங்கே உரிமம் மாநில வாரியானது.

கட்டணம் பற்றி வீட்டில் வெளிப்படையாகப் பேசுங்கள். நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையேனும் வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டியிருப்பதால் இத்துறையில் தேவை வளரும் என்று நான் நம்புகிறேன். ஆனால் தொடக்கச் சம்பளம் பெருங்கடனைச் சுமக்கும் அளவுக்கு இருக்கும் என்று எண்ணிக் கடன் வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அரசுப் பல்கலைக்கழகத்தின் குறைந்த கட்டணமும் சரியான மேற்பார்வையும் சேர்ந்து கிடைத்தால், அதற்கு ஈடாகப் பெரும் தொகை கேட்கும் வளாகங்கள் மிகச் சிலவே.

இரண்டு இடங்களில் அனுமதி கிடைத்து எதை ஏற்பது என்று தெரியாமல் நின்றால், முடிந்தால் நேரில் போங்கள். இயலாவிட்டால் தொலைபேசியில் பேசுங்கள். துறைத் தலைவரோடு பேசிய பின்னர் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரோடு தனியாகப் பேச அனுமதி கேளுங்கள். அவரிடம் இந்த இரண்டை மட்டும் கேட்டால் போதும்: கடந்த வாரம் நீங்கள் எத்தனை பேரோடு அமர்ந்து பேசினீர்கள்? அந்த உரையாடலைப் பற்றி யாரிடம், எந்தக் கிழமை பேசினீர்கள்? தயங்காமல் கிழமையையும் ஆசிரியரின் பெயரையும் சொல்லும் மாணவர் எந்தத் துறையில் இருக்கிறாரோ, அங்கே கட்டணத்தைச் செலுத்துங்கள்.